அம்மாவுக்கு எடுத்துவந்த சமாதானம்

என்னிடம் ஒரு ஞாயிறு பள்ளித் தேர்வுத்தாள் இருக்கிறது. அதன் மேல் மூலையில், தேதி எழுத வேண்டிய இடத்தில், “திரித்துவத்துக்குப் பின் மூன்றாம் ஞாயிறு” என்று சபை நாட்காட்டிப்படி என் கையெழுத்தில் இருக்கிறது. ஆண்டு இல்லை. பெயருக்குக் கீழே மூன்றாம் வகுப்பு என்று இருப்பதால் ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அம்மை போட்டு நெடுநாள் படுத்ததில் மூன்றாம் வகுப்பை நான் இரண்டு முறை படித்தேன். ஆகவே அது இரண்டு ஆண்டுகளில் ஏதோ ஒன்று என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

கேள்வி ஒன்றுதான்: நாம் ஏன் வாரந்தோறும் ஆராதனைக்கு வருகிறோம்? அதற்கு நான் பென்சிலால் எழுதிய பதில்: “அப்பாவுக்குச் சமாதானம் கொடுக்க.” டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “தேவனைத் துதிக்க” என்று எழுதியிருக்கிறார்.

என் பதிலுக்குக் காரணம் இருந்தது. விருத்தாசலத்தில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு சிறிய பீங்கான் பட்டறை நடத்தினார்கள். வருஷம் முழுக்கப் பிள்ளையாரும் அகல்விளக்கும் செய்வார்கள். ஐப்பசி பிறந்தால் கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகள். முந்தைய கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால், சூளை ஆறுவதற்குள் யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். குளிர்காற்று பட்டு, மேய்ப்பர்களும் ஒட்டகங்களும் ஒன்று விடாமல் கீறிப்போயின. திறந்தது அண்ணன்தான் என்றார் அப்பா. தம்பிதான் என்றார் பெரியப்பா. அன்றோடு பேச்சு நின்றது. பட்டறை நிற்கவில்லை. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, நடுவில் வேலை செய்பவரிடம் “அவருகிட்ட சொல்லுங்க” என்று இருவரும் சொல்வார்கள். அவர் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

கோயிலில் ஆண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சு தாத்தா உட்கார்ந்த இடம். எழுந்து வேறு பெஞ்சுக்குப் போகிறவர்தான் சூளையைத் திறந்தவர் என்றாகிவிடும் அல்லவா? ஆகவே இருவரும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். நடுவில் விட்ட இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள்.

எங்கள் சபையில் சமாதானம் கையிலிருந்து கைக்குப் போகும். ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் போதகர் பீடத்திலிருந்து இறங்கி வந்து, தம் கூப்பிய கைகளை முதல் வரிசைக்காரரின் கைகளுக்குள் வைப்பார். வாங்கியவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். வரிசையின் கடைசி ஆள் திரும்பிப் பின்வரிசைக்குக் கொடுப்பார். பெரியப்பா எனக்குக் கொடுப்பார், நான் அப்பாவுக்குக் கொடுப்பேன். பிறகு போதகர், மனஸ்தாபம் உள்ளவர்கள் அதைத் தீர்த்துக்கொண்டு, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு வரலாம் என்பார். எல்லோரும் எழுந்து போவார்கள். அப்பாவும் பெரியப்பாவும் மட்டும் முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து தனியாக எழுந்து போகும் அம்மா, திரும்பி வரும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

நான் கொடுக்கும் சமாதானம் வழியில் எங்கோ சிந்துகிறது என்றுதான் நினைத்தேன். அதனால் ஒவ்வொரு வாரமும் விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அப்பா எழுந்தபாடில்லை. எதற்காகக் கோயிலுக்குப் போகிறோம் என்று பெரியவர்களைக் கேட்டும் பார்த்தேன். “சாமி நம்மளப் பாக்கணும்ல” என்றார் அப்பா. “ஒரு நாளாவது உங்கப்பா சட்டைய அயர்ன் பண்ணிப் போடட்டும்னுதான்” என்றாள் அம்மா. பெரியப்பா மட்டும் சற்று யோசித்தார். “நா போவலன்னு வையி, உங்கப்பன் ஒருத்தன்தான் நல்லவன்னு ஊரு நெனச்சிக்கும்.”

தேர்வு நடந்த அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, “எனக்கும் சேத்து சமாதானம் வாங்கிட்டு வா பாப்பா. வழியில யாருக்கும் குடுத்துடாத” என்றாள்.

ஆராதனைக்கு முன்னாலேயே திருத்திய தேர்வுத்தாள் கைக்கு வந்தது. அப்பாவுக்குக் கொடுப்பது தப்பு என்று சிவப்பு மையிலேயே போட்டாயிற்று. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் செய்ய வேண்டியது மட்டும் தெளிவாக இருந்தது.

பெரியப்பா கொடுத்ததும் உள்ளங்கைகளை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அப்பா கையை நீட்டினார்.

“குடு பாப்பா.”

“இது அம்மாவுக்கு.”

பெரியப்பா குனிந்தார். “அம்மாவுக்கு ஐயருகிட்ட வேற கேட்டு வாங்கிக்கலாம். இத உங்கப்பனுக்குக் குடு.”

“அவ குடுக்கமாட்டா. பெரியப்பன் புடிவாதம் அப்டியே வந்திருக்குது” என்றார் அப்பா, என் தலைக்கு மேலே பார்த்து.

“புடிவாதம் யாரு சொத்துன்னு ஊருக்கே தெரியும்.”

பின் பெஞ்சிலிருந்த ரிடையரான ரயில்வே கார்டு எங்கள் வரிசையை எட்டிப் பார்த்தார். “சீக்கிரம் வுடுங்கப்பா. உங்களால நாங்கல்லாம் சமாதானம் இல்லாம நிக்கிறோம்!”

பெரியப்பா என் கைகளைப் பிடித்து அப்பா பக்கம் தள்ளினார். அப்பா வாங்க வந்தார். நான் சட்டென்று என் கையை உருவிக்கொண்டேன். பெரியப்பாவின் கை அப்பாவின் கைக்குள் இருந்தது.

அதைப் போதகர் பார்த்துவிட்டார். “ஸ்தோத்திரம்” என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து பெரியம்மா உடனே ஒரு பாட்டை எடுத்துவிட்டாள். அவ்வளவு சத்தமாக அவள் பாடி நான் கேட்டதில்லை. சபையே சேர்ந்து பாடியது. அவர்கள் இருவரும் கையை விடவில்லை. முதலில் விடுகிறவர் சூளையைத் திறந்தவராகிவிடுவார் என்று நினைத்தார்களோ என்னவோ. பாட்டில் எத்தனை சரணம் உண்டோ அத்தனையும் முடியும்வரை அப்படியே இருந்தார்கள். திருவிருந்துக்கு அழைத்தபோது சேர்ந்தே எழுந்து போனார்கள்.

நான் மூடிய கைகளோடு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இத்தனை வாரம் சிந்தாமல் கொடுக்கப் பார்த்தபோது எழாத அப்பா, ஒன்றுமே கொடுக்காத இன்றைக்கு எழுந்து போகிறார். அப்படியானால் இதுவரை நான் கொடுத்தது என்ன? யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. டீச்சரைக் கேட்க மனமில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இருவரும் என் முன்னால் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். “நீதான்டா தொறந்த!” “நா அன்னிக்கு வேப்பூர்ல இருந்தேன், பஸ்ஸு கெடைக்கல!” “பொய்யி!” தெருவே திரும்பிப் பார்த்தது. சமாதானம் கெட்டுப்போய்விட்டது, என்னிடம் இருக்கிற இது மட்டும்தான் மிச்சம் என்று நான் கைகளை இன்னும் இறுக்கினேன். வழியிலேயே பிரிந்துபோக வேண்டிய பெரியப்பா, சண்டை முடியாததால் எங்கள் வீடுவரை வந்தார். வந்தவர் சாப்பிடவும் உட்கார்ந்தார்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். விருந்தாளி வரும் நாளில் மட்டும் எடுக்கும் பெரிய குண்டானில் சோறு வடித்திருந்தாள். நான் அவள் கைகளுக்குள் என் கைகளை வைத்துத் திறந்தேன். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடத்தில் அப்பா “நீதான்” என்று கத்தினார்.

“சண்ட போடறாங்கம்மா” என்றேன் அழுகையோடு.

“போடட்டும். நீ போயி எல போடு” என்றாள் சிரித்துக்கொண்டே.

அவள் ஏன் அப்படிச் சிரித்தாள் என்று அன்றைக்குப் புரியவில்லை.

சூளையைத் திறந்தது யார் என்பது இன்றுவரை தெரியாது. இருவரும் சாகும்வரை அதைப் பற்றி வாரம் தவறாமல் சண்டை போட்டார்கள். அம்மாவின் காய்ச்சல் விஷயமும் உறுதியாகவில்லை. என் கைகளை வாங்கிய அவள் கைகள் குளிர்ந்திருந்ததாக எனக்கு ஞாபகம். அரிசி களைந்த ஈரமாகவும் இருக்கலாம். போன மாதம் போனில் நேராகவே கேட்டேன். “காச்ச இல்லாமலா கோயிலுக்கு வராம இருந்திருப்பேன்?” என்றாள். அது பதில் ஆகாது என்பதால், இதைச் சரிபார்க்கப்படாத தகவலாகவே குறித்துவைக்கிறேன்.