கடனில்லாத மாப்பிள்ளை

கல்யாணத்துக்கு முன்னால் என் மாமனார் என்னைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்பினார். பையன் குடிப்பானா, கடன் கிடன் உண்டா? இரண்டும் இல்லை என்று தகவல் போயிற்று. முதல் விஷயத்தில் விசாரித்தவர் கொஞ்சம் சோம்பேறி. இரண்டாவது நிஜம்.

அமெரிக்கா வந்தும் அந்தக் கற்பைக் கட்டிக் காத்தேன். கலிபோர்னியாவில், குபெர்டினோவில், ஒரே ஆபீஸில் வேலை பார்த்த நாங்கள் நாலு பேர் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தோம். வாடகை ஒப்பந்தம், கரண்ட், போன் எல்லாம் எங்களில் மூத்தவர் பெயரில். அவரை அண்ணன் என்போம். மாதம் பிறந்ததும் என் பங்கை அவர் கையில் நோட்டாகக் கொடுத்துவிடுவேன். கிரெடிட் கார்டு தருகிறோம் என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தால், மற்றவர்களைக் கூப்பிட்டு நிற்க வைத்து, கிழித்துக் காட்டுவேன்.

மனைவி அப்போது கோயம்புத்தூரில் தாய்வீட்டில் இருந்தாள். ஆறாம் மாதம். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதில் அங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை, அவளைத் தவிர.

"குழந்த பொறக்கறப்ப நீங்க பக்கத்துல இருக்கோணுங்க," என்றாள் போனில். "விசாதான் வந்திருச்சே. வீடு மட்டும் பாருங்க."

ஏழாம் மாதம் தாண்டினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். வீடு பார்ப்பது ஒரு வேலையா என்று நான் சிரித்தேன்.

வீடு வாடகைக்கு விடும் முதல் லீசிங் ஆபீஸில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் என் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைத் தட்டிவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்தாள். உங்களுக்குக் கிரெடிட் ஹிஸ்டரியே இல்லையே என்றாள். கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவன் என்பதற்கு ஒரு பதிவு வேண்டுமாம்.

"எனக்கு யாரிடமும் ஒரு பைசா பாக்கி கிடையாது," என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

வியாதியைப் பெருமையாகச் சொல்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இரண்டு வருஷமாக எங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்டாள். அந்த வீட்டுக் காகிதம் எதிலும் என் பெயர் இல்லை. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நல்ல கிரெடிட் உள்ள வரிசை.

போன இடமெல்லாம் இதே கதை. கடைசியில் ஓர் இடத்தில், கிரெடிட் உள்ளவர் யாராவது கூடக் கையெழுத்துப் போட்டால் தருகிறோம் என்றார்கள். அண்ணனிடம் போய் நின்றேன்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. அடுத்த மாசம் நானே வீட்டுக்கு லோன் அப்ளை பண்றேன். இப்ப உனக்கு கோ-சைன் பண்ணா என் லோன்ல இடிக்கும்."

"நான் ஓடிப்போயிருவேன்னு பயமாண்ணே?"

"நீ எங்கடா ஓடப்போற? உனக்கு ஃப்ரீவேல ஏறவே உதறுது."

இருவரும் சிரித்தோம். அவர் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார். "நாங்க மூணு பேரும் ஹால்ல படுத்துக்கறோம். ரூம்ல நீயும் அந்தப் பொண்ணும் இருந்துக்கங்க," என்றார். மனசார்த்தான் சொன்னார். மூன்று ஆண்கள் படுத்திருக்கும் வீட்டுக்கா வயிற்றுப்பிள்ளையோடு மகளை அனுப்புவேன் என்று மாமனார் எடுத்து வைத்திருந்த விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று போனில் அவள் நிதானமாக விசாரித்தாள்.

"கடன் வாங்கியிருந்தா வீடு குடுத்திருப்பாங்களா?"

"ஆமா."

"கொஞ்சமாச்சும் வாங்கியிருக்கலாமில்லீங்க."

எல்லாவற்றுக்கும் பதில் ஜோக் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். போன் கார்டில் காசு தீர்ந்து தானாகவே கட்டானது.

மகள் பிறந்த செய்தி ஆபீஸ் போனுக்கு வந்தது. அண்ணன் டோனட் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். குழந்தை யார் ஜாடை என்று கேட்டார்கள். அப்பாவைப் போலவே தலையில் முடியில்லை என்றேன். சிரித்தார்கள். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு வங்கியில் பணத்தை ஈடு கட்டி ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். அதைத் தேய்த்துப் பெட்ரோல் போட்டேன், பால் வாங்கினேன், மாதம் தவறாமல் கடனைக் கட்டினேன். வீடு கிடைத்து அவர்கள் வந்து இறங்கியபோது மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். ஏர்போர்ட்டில் கையை நீட்டினேன். வீறிட்டு, அம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"புது ஆளுன்னு பயப்படறா. பழகிக்குவா," என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

மகள் பழகினாள், கொஞ்ச நாள் பிடித்தது. அதுவரை சனி, ஞாயிறு மதியங்களில் அவள் தூங்கிய பிறகுதான் அருகில் போய் உட்காருவேன். இமை லேசாக அசைந்தாலும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.