கல் வைக்க ஆளில்லாத வண்டி

திருவொற்றியூரில் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற தெருக்களில் ஒன்றில் டில்லிபாபு அண்ணனின் வீடு. தோஹாவுக்கு வேலைக்குப் போகும்வரை அந்த வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். இரண்டாயிரத்து ஒன்றில், மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நேர்ந்ததை அடுத்த விடுமுறையில் அவரே எனக்குச் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டதை எதிர்வரிசையில் பேட்டரி கடை வைத்திருக்கும் அத்தாவுல்லா பாய் சொன்னார்.

அண்ணன் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டையையும் இரும்பையும் தூக்கிக் கரையில் இறக்குகிற இயந்திரம் அது. கன்டெய்னர்கள் வந்து வின்ச்சுக்கு வேலை குறைந்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வந்ததும் ஒரு பழைய ஃபியட் வாங்கினார். வேலையில் இருந்த காலத்தில், பிரேக் போடாமல் விட்ட ஒரு வின்ச்சிலிருந்து சுமை தானாக இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார். ஒரு பீடி நேரத்துக்கு முன்புவரை அந்த இடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்களாம். அதற்குப் பிறகு எந்த இயந்திரத்தையும் அதன் போக்கில் விட்டுவிட்டு நகர அவரால் முடிந்ததில்லை.

ஆனால் ஃபியட்டை விற்றவர், கடற்கரைக் காற்றில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள், உள்ளே துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார். தெருவோ கடற்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். அதற்குக் கெங்கம்மா அண்ணி ஒரு வழி கண்டாள். கடலரிப்புக்காகக் கரையில் கொட்டியிருந்த கருங்கற்களில் கைக்கு அடக்கமான ஒன்றை எடுத்துவந்து வாசலில் போட்டுவைத்தாள். எங்கே போய் வந்தாலும் அண்ணன் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணி இறங்கி, கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் செருகி, டிக்கியை இரண்டு தட்டு தட்டுவாள். "கல்லு வச்சாச்சு, வுடு." அப்புறம்தான் அண்ணன் காலை எடுப்பார். மாடியிலிருந்து அந்தக் குரலை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

அவர்களுக்கு ஒரே பெண், செங்கொடி. மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுடைய பிரசவத்துக்குத் துணையாகப் போன அண்ணி, குழந்தை பிறந்த பின்னும் திரும்பவில்லை. சண்டை எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். மத்தியானங்களில் நிறுத்திவைத்த காருக்குள் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பார். "வூட்ல ரெண்டு பேரு இருந்தா ஒருத்தராவது பேசணும் தம்பி" என்று அண்ணி ஒருமுறை என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. அங்கே குழந்தை அழுகிறது, மருமகன் ரேடியோ வைக்கிறான், யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அண்ணன் ஒருநாள் காரில் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பினார். வாசலில் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்தார். இறங்க ஆளில்லை. கல் நடையோரம் கிடக்கிறது. காலை எடுத்தால் வண்டி உருளும்.

"கியர்ல போட்டுட்டு எறங்கி இருக்கலாமேண்ணே" என்றேன், அவர் இதைச் சொன்னபோது.

"கியரு பிரேக் இல்ல தம்பி" என்றார்.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்ததாகச் சொன்னார். பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், வின்ச்சில் இழுக்கிற மாதிரி, கடைசிப் பல்வரைக்கும். அதன்பின் மழை பிடித்துக்கொண்டது. காரை எடுக்கவில்லை.

மழை விட்ட வாரத்தில் பாய் கடைக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது. அண்ணன் வீட்டில் போன் கிடையாது. அவளும் பூத்திலிருந்துதான் பேசினாள். மருமகனுக்கு ஆந்திராவிலுள்ள நாயுடுபேட்டைக்கு மாற்றலாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாமான் லாரி கிளம்புகிறது.

"செங்கொடி என்னியும் கூட வரச்சொல்றா. இங்க என் தையல் மெஷினு கீது, துணிமணி கீது. நீ ஞாயித்துக்கெயம காரை எடுத்துகினு வா. வந்தின்னா உன்கூட வந்துர்றேன். வரலன்னா அவகூடப் போயிடுறேன். அப்பால என்னைக் கொற சொல்லாத."

"வரேன்" என்றார் அண்ணன். அவ்வளவுதான் பேசினாராம்.

ஞாயிறு காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வண்டியில் ஏறினார். இன்ஜின் முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியரைப் போட்டு, கிளட்சை விட்டார். வண்டியின் பின்பக்கம் ஒருமுறை எழும்பித் தாழ்ந்தது, இன்ஜின் அணைந்துபோனது. பின்னோக்கி எடுத்துப் பார்த்தார். அதே கதை. இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரம் அசையவே இல்லை.

மெக்கானிக் கடை ஞாயிறு மூடல். அண்ணன் சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினார். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் டிரம், கவிழ்த்த வாணலி மாதிரி, செம்மண் நிறத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூ. பிரேக் பிடித்தால் அவை விரிந்து டிரம்மை உள்ளிருந்து அழுத்தும். அழுத்திய அழுத்தத்திலேயே மழைக்காலம் முழுக்க இருந்ததில் டிரம்மும் ஷூவும் துருவேறி ஒன்றாகிப்போயிருந்தன.

முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தினார். பின்பக்கத் தகட்டில் ஷூவைச் சுருக்குகிற நட்டைத் திருப்பிப் பார்த்தார். அதுவும் அசையவில்லை. விளிம்பைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். பிறகு சுத்தியலால் டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்ட ஆரம்பித்தார். வார்ப்பிரும்பு, ஓங்கி அடித்தால் விரிசல் விடும். அதனால் ஒரு கட்டையை நடுவில் வைத்து, மெதுவாக, ஒரே அளவாக. தெரு முழுக்க டொக் டொக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

பாய் டீ டம்ளரோடு வந்து நின்றார்.

"இன்னா மாமு, காத்தால இருந்து கதவத் தட்டிகினு கீற. உள்ள யாரு கீறாங்க?"

"ஷூ கவ்விகிச்சு."

"எப்ப கெளம்பணும்?"

"சாயங்காலம் லாரி வருது."

"அப்ப டிரெய்ன்ல போ. முக்கா மணி நேரம்."

"காரோட வான்னா."

"அவ காரைக் கேட்டாளா, உன்னைக் கேட்டாளா?"

அண்ணன் கட்டையை நகர்த்தி வைத்துத் தட்டினார்.

"ஆட்டோ சொல்றேன். மெஷினையும் அதுல வச்சுகினு வந்துரலாம்."

"இந்தா முடிஞ்சிடும் பாய்."

பாய் டீயை முடித்துவிட்டுப் போனார். போகும்போது ஒன்று சொன்னார். அதை அண்ணன் என்னிடம் சொல்லவில்லை, பாய்தான் சொன்னார். "நான் கேட்டுட்டேன் தம்பி. வண்டி ரெடியாவாத வரைக்கும் நீ போவவேணாம், அவளும் வரமாட்டேன்னு சொல்ல முடியாது, அதானே உன் கணக்குன்னு. சுத்தியல் சத்தம் நின்னுச்சு. அப்பால மறுபடியும் டொக் டொக்."

மத்தியானம் சாப்பிடவில்லை. ஸ்டேஷன் பக்கமிருந்து வடக்கே போகிற ரயில்களின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் எல்லோருக்கும் காதாலேயே தெரியும், எது கும்மிடிப்பூண்டி வண்டி, எது சரக்கு வண்டி என்று. அவருக்கும் தெரிந்தது. ஒவ்வொன்று போகும்போதும், அடுத்ததற்குள் முடிந்துவிடும் என்று நினைத்ததாகச் சொன்னார்.

டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய சின்னத் துளைகள் இரண்டு உண்டு. அவற்றில் போல்ட்டை முறுக்கினால் அதன் முனை உள்ளே முட்டி, டிரம்மை வெளியே தள்ளும். துருவைச் சுரண்டித் துளைகளைக் கண்டுபிடித்தபோது வெயில் தெருவின் மறுபக்கம் போயிருந்தது. பாயின் கடையிலிருந்து பொருத்தமான போல்ட்டுகள் கிடைத்தன. இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று. ஒரு பக்கம் அதிகமாகப் போனால் டிரம் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். இரண்டு பேர் ஆளுக்கொரு ஸ்பேனரோடு செய்தால் சுளுவாக முடிகிற வேலை. அவர் ஒன்றைத் திருப்பிவிட்டு, கையை மாற்றி, மற்றதைத் திருப்பினார்.

டிரம் கழன்றபோது சத்தம் வெடி மாதிரி இருந்ததாம். கணுக்காலில் உரசிக்கொண்டு கீழே விழுந்தது. அண்ணன் அதை நிமிர்த்திப் பார்த்தார். ஷூவின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய, உரசிப் பிடிக்கிற லைனிங் பட்டை டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஷூ வெறும் இரும்பாக நின்றது.

பாய் எட்டிப் பார்த்தார். "முன்னாடி பிரேக் கீதுல்ல. மெதுவா ஓட்டினு போயேன்."

"பிரேக் இல்லாத மெஷினுல ஆளை ஏத்தமாட்டேன்."

அப்போதுதான் அண்ணனுக்கு நேரம் உறைத்திருக்கிறது. கையைக்கூடக் கழுவாமல் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. நடைமேடையில் நின்ற நேரம்தான் அந்த நாளிலேயே நீளமானது என்றார். விம்கோ நகர், எண்ணூர், அத்திப்பட்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து கதவருகே போய் நின்றுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் போட்ட பொத்தானைச் சுற்றியெல்லாம் கறுப்பு விரல் அடையாளம்.

மீஞ்சூரில் செங்கொடியின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்துப் போர்ஷனில் இருக்கிற வீட்டுச் சொந்தக்காரி பச்சையம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். மண்ணில் லாரிச் சக்கரத்தின் தடம் இன்னும் கலையவில்லை.

"நீங்கதான் செங்கொடி நைனாவா? இப்பதான்யா போச்சு. லாரிக்காரன் கத்திகினே இருந்தான். உங்க வூட்டுக்காரம்மாதான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நிறுத்தி வச்சாங்க."

அண்ணன் தலையாட்டினார்.

"காலைல இருந்து இங்கதான் குந்திகினு இருந்தாங்க. தையல் மெஷினை லாரில ஏத்தவே வுடல, கடைசிலதான் ஏத்துனாங்க. அதோ பாரு, ஒரு கல்லை வேற எங்கிருந்தோ எடுத்தாந்து போட்டாங்க. எதுக்கும்மா, புள்ளைங்க தடுக்கி வுயும்னேன். எங்க வூட்டுக்காரு காரு வரும், சக்கரத்துக்கு வைக்கணும்னாங்க."

வாசலுக்கு எதிரே, ஒரு கார் நிற்கிற அளவுக்குப் பெருக்கிய இடத்தின் ஓரத்தில், கல் கிடந்தது.

வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அண்ணன் அந்தக் கல்லைக் கேட்டாராம். எடுத்துக்கொண்டு போ என்றாளாம். மடியில் கல்லை வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பினார். எதிரில் இருந்தவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பாய் கடையை மூடாமல் காத்திருந்தார். "பொண்டாட்டியக் கூப்ட போயிட்டு கல்லத் தூக்கினு வந்துகீறியே மாமு" என்று சிரிக்கப் பார்த்தார். அண்ணனின் முகத்தைக் கண்டதும் ஷட்டரை இறக்கிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரத்திலேயே நாயுடுபேட்டையிலிருந்து பாய் கடைக்கு அண்ணியின் போன் வந்தது.

"மீஞ்சூர் போனியாமே. பச்சையம்மா சொன்னாங்க."

"போனேன்."

"இன்னாத்துல?"

"டிரெய்ன்ல. வண்டி கவ்விகிச்சு."

"ஆண்ட் பிரேக் போட்டியா?"

"கல்லு வைக்க ஆள் இல்ல."

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அண்ணி குழந்தையை ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள். பிறகு, "டிரெய்ன்ல வர்றதா இருந்தா காத்தாலயே வந்திருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கேட்டாள்.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"இன்னாத்த சொல்றது. ஆமான்னேன்."

இதைச் சொன்னபோது காரில் இருந்தோம். எனக்காக வண்ணாரப்பேட்டைவரை போய்த் துணி வாங்கித் திரும்பியிருந்தோம். புது ஷூ போட்டு, டிரம்மை லேத்தில் கடைந்து பூட்டியிருக்கிறார். பிரேக் நன்றாகப் பிடித்தது. அண்ணி இன்னும் நாயுடுபேட்டையில்தான். பொங்கலுக்கு வந்து போனாளாம், செங்கொடியோடு. இவரும் இரண்டு மூன்று தடவை போய்வந்திருக்கிறார், ரயிலில்.

தெரு திரும்பி வாசலை நெருங்கியதும் நான் இறங்கிக் கல் வைக்கக் கதவைத் திறந்தேன்.

"நீ குந்து தம்பி" என்றார்.

கல் ஏற்கெனவே அதன் இடத்தில் கிடந்தது, காலையில் புறப்பட்டபோது விட்ட இடத்தில். வீட்டு வாசலைத் தாண்டி மேட்டில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை விட்டும் பிடித்தும், சரிவில் பின்னோக்கி விரல்விரலாக இறக்கினார். பின்சக்கரம் கல்லில் மோதி, ஒருமுறை எழும்பி, அமர்ந்தது. காலை எடுத்தார். வண்டி அசையவில்லை.

"ஒண்டி ஆளுன்னா இப்பிடித்தான்" என்றார். "மொதல்ல கல்லு. அப்பால வண்டி."

இறங்கிப் பின்னால் போனார். டிக்கியின் மேல் கையை வைத்தார். தட்டவில்லை. நான் அந்தப் பக்கமாக இறங்கிக் கதவைச் சாத்தினேன்.