பர்பனில் சந்தனம் மணந்த கதை

கோயில் ஊரில் பாரில் வேலை செய்பவனுக்கு ஊரெல்லாம் தெரிந்தவர்கள்தான். பகலில் மட்டும் யாருக்கும் அவனைத் தெரியாது. காஞ்சிபுரத்தில் ஒரு லாட்ஜோடு சேர்ந்த பாரில் பல வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். சப்ளையராகச் சேர்ந்து கவுண்டருக்கு வந்தவன். ஊற்றிக் கொடுப்பது, துடைத்து வைப்பது, சண்டை விலக்குவது, அழுகிறவருக்குத் தலையாட்டுவது, கடைசியில் ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுவது என்று எல்லாம் பார்த்தாயிற்று. இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களே, உங்கள் கதையும் இதுவாகத்தான் இருக்கும். ஒன்றே ஒன்றில்தான் நான் வேறு. நான் குடிப்பதில்லை. ஒரு சொட்டுகூட. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

இன்சூரன்ஸ் தம்பி

பங்குனித் திருவிழா சமயம். ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் கூட்டத்தில் நம் பாருக்கு வாடிக்கையாக வரும் ஒருவர் குடும்பத்தோடு எதிரே வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி. முந்தின நாள் மாலைதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீதான்பா எனக்குக் கூடப் பொறந்த தம்பி" என்று கண் கலங்கியவர். நான் வழக்கப்படி கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி நின்றேன். அவர் மனைவிக்குக் கண் கூர்மை. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பியதைப் பார்த்துவிட்டு, "யாருங்க அது?" என்றார்.

"இன்சூரன்ஸ் தம்பிமா" என்றார் மனிதர், கொஞ்சமும் யோசிக்காமல். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானும் இன்சூரன்ஸ்காரன் மாதிரி சிரிக்கப் பார்த்தேன். எதையும் விற்க முயலாமல், வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது: "பாலிசி எடுங்கன்னு தொரத்தாத இன்சூரன்ஸ்காரன இப்பதாங்க பாக்கறேன்!"

வாசலில் ஒரு சோதனை

என் மனைவி மல்லிகா நெசவு வேலை செய்கிறாள். வீட்டில் ஒரு தறி இருக்கிறது, அதில் உட்காருவது அவள்தான். பெண் பார்க்கப் போனபோதே அவள் நேராக என்னிடம் பேசிவிட்டாள். பாரில் வேலை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு சொட்டு வாயில் படக்கூடாது என்றாள். காமாட்சி அம்மன் சன்னதியில் அப்படியே சத்தியம் செய்தேன். காரணம் அவள் அண்ணன். பட்டு நெசவில் கைதேர்ந்தவன், குடித்தே சின்ன வயதில் போய்ச் சேர்ந்தான். அதனால் அவள் யாரிடமும் என் வேலையின் பெயரைச் சொல்வதில்லை. யார் கேட்டாலும் "ஓட்டல்ல இருக்காரு" என்பாள். ஒருமுறை மனசு பொறுக்காமல் ஏன் என்று கேட்டேன். "அந்தப் பேர வாய்ல எடுத்தா எங்க அண்ணன் மூஞ்சி வருதுங்க" என்றாள்.  காரணம் புரிந்தாலும் அது எனக்கு வலித்தது, மறைப்பானேன்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாசலில் நிற்க வேண்டும். "ஊதுங்க" என்பாள். ஊதுவேன். போலீஸ்காரர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகச் சோதனை செய்வதில்லை. பிறகு சட்டையைக் கழற்றி வாளியில் போட்டு, தலைக்குக் குளித்த பிறகுதான் தறி இருக்கும் அறைக்குள் கால் வைக்கலாம். நான்தான் குடிக்கவில்லையே, குளியல் எதற்கு என்று ஒரு நாள் முணுமுணுத்தேன். தறியில் ஓடும் நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னாள்: "இந்தப் பொடவையக் கட்டிக்கினு மணையில உக்காரப்போறது கல்யாணப் பொண்ணு. அது முந்தானையில பார் வாசனை அடிச்சா நல்லாவா இருக்கும்?"

அமெரிக்கப் பெட்டி

கருணாகரன் சார் வாலாஜாபாத் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் பெரிய இன்ஜினியர். மனைவி இல்லை, ஒரே மகள் அமெரிக்காவில். வீடு பார்க்கச் சோம்பல்பட்டு எங்கள் லாட்ஜிலேயே மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார். மகள் அங்கே ஒரு விஸ்கி கிளப்பில் அப்பா பேரில் சந்தா கட்டியிருக்கிறாள். பத்திரிகை வருகிற மாதிரி மாதாமாதம் ஒரு பெட்டி வருமாம். அதில் பர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி, கடையில் கிடைக்காதது, கொஞ்சம் பாட்டில் மட்டும் போட்டு நிறுத்திவிடுவது. அதெல்லாம் மகள் வீட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும். யாராவது ஊருக்கு வந்தால் அவர்கள் பெட்டியில் ஒன்றோ இரண்டோ இங்கே வந்து சேரும். வெளி பாட்டிலை பாரில் திறக்க விடமாட்டோம். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் அவர் அறையில் திறப்பார். ஐஸும் தண்ணீரும் கொண்டுபோவது என் வேலை.

முதல் பாட்டில் வந்த அன்று நானும் என்னோடு வேலை செய்யும் செல்வமும் போயிருந்தோம். கழுத்தில் சிவப்பு மெழுகு, லேபிளில் கையால் எழுதிய எண். சார் அதைக் குழந்தையைப் போலத் தூக்கிக் காட்டினார். மக்காச்சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் நெருப்பில் கருக்கிய புது மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் ஊறவைத்தது என்று விளக்கினார். செல்வம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். செல்வத்தின் மாமனார் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். எல்லாம் முடிந்ததும் கேட்டான்: "கோழித் தீவனத்துக்கா சார் இவ்ளோ அலங்காரம்?"

கையைக் கழுவிவிட்டு வா

அந்தச் சமயத்தில் எங்கள் பார் இன்சார்ஜ் பாண்டிச்சேரிக்கு வேலை மாறிப் போகிறார் என்று தெரிந்தது. வரிசைப்படி பார்த்தால் அடுத்தது நான்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "மணி, நீ நல்லவன்தான். ஆனா நாக்குல படாதவன் கஸ்டமருக்கு இன்னாத்தச் சொல்லுவ? மெட்ராஸ்லேந்து ஒருத்தன எறக்கப்போறேன்." எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. இன்சார்ஜ் என்றால் மல்லிகா என் வேலையைப் பெயர் சொல்லிச் சொல்வாள் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதற்காக சத்தியத்தை உடைத்தால் அவளிடம் என்ன முகத்தோடு நிற்பது?

கருணாகரன் சாரிடம் புலம்பினேன். "குடிக்க வேணாம்பா. மோந்து பாரு. பாதி ருசி மூக்குலதான் இருக்குது" என்றார். மூக்குக்கு நான் சத்தியம் செய்யவில்லையே! அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு மூக்குப் பாடம். முதலில் எல்லாம் ஒரே சாராய நெடியாகத்தான் இருந்தது. போகப் போக ஒன்று வெல்லப்பாகு அடிபிடித்த மாதிரி, ஒன்று தச்சன் இழைத்துப் போட்ட மரச்சுருள் மாதிரி, இன்னொன்று சுக்கும் மிளகும் மாதிரி என்று பிரிந்து தெரிந்தது. சாரும் தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் கண்ணை மூடி மோந்துவிட்டு, "சார், இதுல நெய் இருக்குது. சீரகம் இருக்குது. பெருங்காயம்கூட இருக்குது" என்று அடித்துவிட்டேன். சார் கிளாஸை வாங்கி மோந்தார். பிறகு என் கையை மோந்தார். மத்தியானம் நான் சாப்பிட்டது நெய்யும் சீரகமும் போட்ட எங்கள் ஊர்க் கோயில் இட்லி.

"மூக்கு நல்ல மூக்குதான்பா" என்றார். "போய்க் கையக் கழுவிக்கினு வா."

பூஜைக்கு வைத்தது

ஆயுத பூஜை எங்கள் ஊரில் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. தறிக்குப் பொட்டு, நாடாவுக்குப் பொட்டு, ஆட்டோவுக்குப் பொட்டு. பார் மட்டும் என்ன பாவம் செய்தது? பெக் அளக்கும் கிண்ணம், ஓப்பனர், ஐஸ் இடுக்கி எல்லாவற்றையும் கழுவி அடுக்கினேன். கருணாகரன் சாருடைய கிளாஸ்களும் என் பொறுப்பில்தான் இருந்தன. வயிறு பருத்து வாய் குறுகி, வாசனையை உள்ளேயே பிடித்துவைக்கும் கிளாஸ்கள். ரூமில் இருந்தால் சுத்தம் செய்ய வருகிறவர்கள் உடைத்துவிடுவார்கள் என்று என்னிடம் கொடுத்திருந்தார். அவற்றுக்கும் பன்னீரில் குழைத்த சந்தனம், மேலே குங்குமம் வைத்தேன். படையலுக்குப் பொரி, கடலை, சுண்டல் வாங்கி வரச் செல்வத்தை அனுப்பினேன். அவன் நகரவேயில்லை. சமையலறைப் பக்கம் கையைக் காட்டினான்: "மூணும் சைடு டிஷ்ல இருக்குதுணா. சாமிக்குனு தனியா எதுக்கு?"

கர்ப்பக்கிரக வாசனை

பூஜை முடிந்து வந்த சனிக்கிழமை சார் ரொம்ப நாளாகக் காத்திருந்த பாட்டிலைத் திறந்தார். மகள் விமானத்தில் வந்த தோழியிடம் கொடுத்தனுப்பியது. அந்த வருடம் அதைப் போட்டதோடு அந்தச் சரக்கே முடிந்துவிட்டதாம். முதலாளியையும் வாலாஜாபாத் ரைஸ் மில்காரர் ஒருவரையும் கூப்பிட்டிருந்தார். கூப்பிடும்போதே முதலாளியிடம் சொல்லிவிட்டார், மணியின் மூக்கை இன்று நீங்களே பாருங்கள் என்று.  கிளாஸ்களைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன்.

ரைஸ் மில்காரர்தான் முதலில் மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு, "யப்பா, சந்தனம்! கர்ப்பக்கிரகத்துல நிக்கற மாதிரி இருக்குதுபா" என்றார். முதலாளியும் மோந்துவிட்டு, "கற்பூரம்கூட வருது" என்றார். சாருக்கு ஒரே பூரிப்பு. மகளுக்குச் சொல்ல போனைக் கையில் எடுத்துவிட்டார். "மணி, நீ சொல்லு" என்று கிளாஸை நீட்டினார். மோந்தேன். சந்தனம்தான். சந்தேகமே இல்லை. பன்னீரும் இருந்தது. பன்னீர் வந்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பூஜைக்கு மறுநாள் பொட்டுகளை அழிக்க எடுத்த துணியால்தான் இந்தக் கிளாஸ்களின் உள்பக்கத்தையும் துடைத்திருக்கிறேன்!

சந்தனம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை என் கையில். முதலாளி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாழாய்ப்போன மூக்கு, தெரிந்துகொண்ட பிறகு சும்மா இருக்க மாட்டேன் என்றது. "சார், சந்தனம் சரக்குல இல்ல. கிளாஸ்ல இருக்குது. என் தப்பு. ஆயுத பூஜை துணியால தொடச்சிட்டேன்" என்றேன்.  சார் எழுந்து போய், தினமும் டீ வரும் சாதாரணக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் கொடுத்தார். மோந்தேன். வெல்லப்பாகு, கருகின மரம், ஓரத்தில் கொஞ்சம் சுக்கு. அப்படியே சொன்னேன். அவரும் மோந்து, குடித்துப் பார்த்து, "அதேதான்" என்றார். ரைஸ் மில்காரர் மட்டும் பழைய கிளாஸை விடவில்லை. "அது உங்களுக்கு. எனக்கு இந்தச் சந்தனமே இருக்கட்டும்பா" என்று அணைத்துக்கொண்டார்.

முதலாளி கிளாஸை மேஜைமேல் வைத்தார். என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் சார் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நாங்க ரெண்டு பேரும் ஆமா ஆமான்னோம். தன் தலையில தானே மண்ணப் போட்டுக்கினு நெஜத்தச் சொன்னான் பாருங்க. கல்லாவ நம்பி வுட்டுப் போலாம் சார். மெட்ராஸ்காரன வேணாம்னு சொல்லிடறேன்."

பெயர்

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மல்லிகா தறியைவிட்டு எழுந்து வந்தாள். கிளாஸ் விஷயத்தை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். "துணிய மாத்தி எடுத்துட்டேன்னு நீங்களா சொன்னீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி" என்று தறிக்குப் போய்விட்டாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

சில நாள் கழித்து, கல்யாணப் புடவைக்குச் சொல்லியிருந்த ஒரு பெண்ணின் அம்மா தறியில் ஓடுவதைப் பார்க்க வந்திருந்தார். நான் பின்கட்டில் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன். சரிகையைத் தடவிப் பார்த்துப் புகழ்ந்துவிட்டு, எல்லோரும் கேட்பதுபோல அவரும் கேட்டார்: "வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?" ஓட்டலில் என்று வரும், எனக்குப் பழகின பதில்தானே என்று சட்டையை உதறினேன். தறிச் சத்தம் நின்றது.  பிறகு மல்லிகாவின் குரல், பின்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி தெளிவாக வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன்.

"பார்ல இன்சார்ஜ்ங்க. ஒரு சொட்டு தொட்டதில்ல. சந்தேகமா இருந்தா கூப்டறேன், நீங்களே ஊதச் சொல்லிப் பாருங்க!"

ஊராருக்கு இவ்வளவு பெருமையாக உத்தரவாதம் கொடுத்தவள், அன்றைக்கும் வேலை முடிந்து வந்த பார் இன்சார்ஜை வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.