கிருமிச் சொட்டு

செத்த கிருமியை நாக்குக்கு அடியில் விட்டுக்கொள்ள ஜனங்களிடம் கையெழுத்து வாங்குவதுதான் என் பிழைப்பு. கோவில்பட்டியில் ஒரு நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒவ்வாமையால் வருகிற இளைப்புக்குக் கிருமித் தடுப்பு மருந்து உதவுமா என்று இங்கே சோதித்துப் பார்க்கிறார்கள். கொன்ற கிருமியைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால், தூசியைக் கண்டு துள்ளுகிற உடம்பு அடங்கலாம். அந்த 'லாம்' ரொம்ப முக்கியம். என்னைப் போல இன்ஹேலரும் கையுமாக அலைகிறவர்களே, உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

திரும்பி வந்த பேனா

புதூர் பக்கம் ஆடு வளர்க்கிற அண்ணாச்சி ஒருவர் வந்தார். ஆறு பக்கச் சம்மதப் படிவத்தையும் வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். எல்லாம் செத்த கிருமி, அதனால் நோய் வராது என்று முடித்தேன். அவர் பேனாவை என்னிடமே நீட்டிவிட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை இப்படித் திகைக்க வைத்ததில்லை.

"எம்மா, அது செத்துட்டுன்னு நீ பாத்தியா?"

மாரியம்மாள்

பஞ்சு மில்லில் வேலை பார்க்கிறவள். சொட்டு மருந்து ஆரம்பித்து மூன்றாவது வாரம், பட்டப்பகலில் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு வார்த்தை பேச முடியவில்லை. மருந்தைப் புகையாக்கித் தருகிற நெபுலைசரை மூக்கில் வைத்தேன். டாக்டர் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, மூச்சு சீராக ஒரு மணி நேரம் ஆயிற்று.

இன்ஹேலரை நிறுத்தக்கூடாது என்பது படிவத்தின் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. அன்றைக்குக் கூட்டம் அதிகம். அந்தப் பக்கத்தை நான் வேகமாகப் புரட்டியது இப்போதும் நெஞ்சில் நிற்கிறது. அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"தடுப்பு மருந்துன்னுதான சிஸ்டர் சொன்னிய, பெறவு இன்ஹேலர் எதுக்குன்னு தூரப் போட்டுட்டேன்."

பாதி பாட்டில்

எட்டயபுரத்துக்காரி ஸ்டெல்லாவுக்கு ஒரு மாதத்துக்குக் கொடுத்த பாட்டில் பதினைந்து நாளில் தீர்ந்துபோனது. கொட்டிவிட்டதா என்று போனில் கேட்டேன். இல்லை, ஆறு வயது மகளுக்கும் கொடுக்கிறேன் என்றாள். பெரியவர்களுக்கே இன்னும் சோதனையில் இருக்கிற மருந்து அது.

அடுத்த பஸ்ஸில் பிள்ளையோடு வரச் சொன்னேன். டாக்டர் முழுக்கப் பரிசோதித்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைக்கும் இளைப்பு இருந்தது, அதற்கு முறையான வைத்தியம் ஆரம்பித்தார். விதிப்படி ஸ்டெல்லாவைச் சோதனையிலிருந்து நீக்கினோம். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"இவளும் என்னைய மாதிரிதான இழுக்கா, நான் மட்டும் எப்படி குடிக்க?"

இந்தச் சொட்டு இளைப்பை அடக்குமா என்று எங்கள் டாக்டருக்கே இன்னும் தெரியாது, அதைக் கொடுக்கிற எனக்கு மூச்சை நிறுத்தும் என்பது மட்டும் உறுதியாகிவிட்டது.