டோர்சி சொன்ன சட்டமும் நெல்சனின் கத்தியும்

எங்கள் வட கரோலினா மலையடிவாரத்தில் சட்டம் தெரிந்தவர் என்று பெயர் எடுக்கச் சட்டம் படிக்க வேண்டியதில்லை. ஒரே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம் நின்றால் போதும். டோர்சி ஆப்ஷர் அப்படி நின்றவர். கார்லண்டின் இரும்புக் கடையில் கத்திப் பெட்டி அவருடைய ராஜ்ஜியம். மான் வேட்டைக்குப் போகிறவர், மீன் பிடிக்கிறவர், மகளைப் பார்க்க அடுத்த மாநிலத்துக்குப் போகிறவர் என்று எல்லோரும் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்பார்கள்: "இதை டென்னசிக்கு எடுத்துட்டுப் போலாமா? வர்ஜீனியாவுக்கு?" டோர்சி கண் இமைக்காமல் பதில் சொல்வார். அதில் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

காலையில் கடை திறந்ததும் அடுப்போரம் காப்பி குடிக்க உட்காரும் நாலைந்து கிழடுகள் அவருக்கு 'வக்கீலய்யா' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். பிடிக்காதது போல முகத்தைச் சுளிப்பார். யாராவது ஒருநாள் கூப்பிட மறந்தால் அன்றைக்கு மனுஷருக்கு வேலை ஓடாது.

அவருடைய சட்டத்துக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: மறைக்காதே. எங்கள் மாநிலத்தில் ஆயுதத்தை மறைத்து வைத்தால்தான் வம்பு. மடக்கி வைத்த சின்னப் பைக்கத்திக்கு விலக்கு உண்டு. ஆனால் எது சின்னது, எது பெரியது என்பது நிறுத்துகிற போலீஸ்காரரின் மனநிலையைப் பொறுத்தது. அதனால் பாக்கெட் விளிம்பில் கத்தியின் கிளிப் வெளியே தெரிய மாட்டிவிடு, உலகம் பார்க்கட்டும் என்பார். "ஒளிச்சு வெச்சவன்தான்யா திருடன்" என்று முடிப்பார். எங்கள் ஊருக்கு அது சரியான யோசனை. அடுத்த ஊருக்குச் சட்டம் வேறாக இருக்கலாம் என்பதுதான் அவருக்குத் தோன்றவே இல்லை.

நெல்சன் பினேடா எல் சால்வடோரிலிருந்து வந்து இங்கே பன்னிரண்டு வருஷம். புது வீடுகளுக்குச் சுவரும் கூரையும் ஜிப்சம் பலகை அடிக்கிற வேலை. எங்கள் பக்கத்தில் யாராவது படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தால் அது பெரும்பாலும் நெல்சன் அடித்த பலகையாகத்தான் இருக்கும். 2016 வசந்தத்தில் குடியுரிமை நேர்காணலுக்கு அவருக்குக் கடிதம் வந்தது. மனைவிக்கு அடுத்தபடி டோர்சியிடம்தான் காட்டினார். ஏனென்றால் ஒரு வருஷமாக அவர் திருகாணி வாங்க வரும்போதெல்லாம் டோர்சி குடியுரிமைத் தேர்வுக்கான நூறு கேள்விகளிலிருந்து ஒன்றைக் கேட்டு விடுவார்.

"செனட்டர் எத்தனை பேருப்பா?"

"நூறு பேர், மிஸ்டர் டோர்சி. அதுல ஒருத்தராவது பலகை அடிச்சிருப்பாரா?"

"அடிச்சிருந்தா கூரை ஒழுகுமாய்யா!"

மே மாதம் நியூயார்க்கில் இருக்கிற தங்கை வீட்டில் உண்மையாகவே கூரை ஒழுகி விழுந்துவிட்டது. சரிசெய்து தர நாலு நாள் போய்வரக் கிளம்பிய நெல்சன், பலகையின் மேல் தாளைக் கீறுவதற்குப் புதிதாக ஒரு மடக்குக் கத்தி வாங்கினார். திறக்கக் கடினமாக இருந்தது. டோர்சி குட்டித் திருப்புளியை எடுத்து அச்சுத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினார், ஒரு சொட்டு எண்ணெய் விட்டார், மணிக்கட்டை ஒரு உதறு உதறினார். அலகு படக்கென்று வெளியே வந்து பூட்டிக்கொண்டது.

"பாத்தியா? வெண்ணெய்!"

"அங்க போலீஸ் கெடுபிடியாமே. எடுத்துட்டுப் போலாமா?"

கேட்டார். நெல்சன் வாய்விட்டுக் கேட்டார். டோர்சியால் பிறகு எந்த மூலையில் போய் உட்கார்ந்தும் மறக்க முடியாமல் போனது இதைத்தான்.

"தாராளமா. பைக்குள்ள போட்டு ஒளிக்காத. கிளிப் வெளிய தெரியட்டும். வேலைக்காரன்னு பார்த்த உடனே விட்டுருவான்."

விடவில்லை. சுரங்க ரயில் படிக்கட்டில் கிளிப்பைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். கத்தியை வாங்கி உதறினார்கள். மூன்றாவது உதறலில் திறந்துகொண்டது. கைவிலங்கு, ஒரு பகல், ஓர் இரவு, ஆயுத வழக்கு.

செய்தி வந்த காலையில் கடை முதலாளி கார்லண்ட் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஏம்ப்பா டோர்சி, அந்தக் கத்தி நம்ம கடையில வாங்கினதுதானே? நீ ஏதாச்சும் சொல்லி அனுப்பினியா?"

காப்பிக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. டோர்சி பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

"அந்த ஊர்ச் சட்டம் வேற, விசாரிச்சுட்டுப் போன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். காதுல வாங்கினாத்தானே?"

"இவனுங்களுக்குச் சொன்னா ஏறவே ஏறாது" என்றார் பாய்ட் ஹேய்ஸ். முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர், அடுப்போர சபைக்கு நாட்டாமை. மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு நிமிஷப் பேச்சு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இவ்வளவு சுலபமாக நடக்கும் என்று டோர்சிக்கே அன்றுதான் தெரிந்தது. அந்தப் பேச்சு மத்தியானத்துக்குள் கோழித் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. நெல்சனின் மனைவி வேலை செய்வது அங்கேதான்.

அன்று சாயங்காலம் டோர்சி நூலகத்துக்குப் போய்க் கணினியில் தேடினார். நியூயார்க் மாநிலச் சட்டம் ஒன்று: உதறினால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தி வைத்திருப்பது குற்றம். நகரத்துக்கென்று தனியாக இன்னொன்று: கத்தி வெளியே கண்ணில் படும்படி பொது இடத்தில் நடப்பது குற்றம். விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். எங்கள் ஊரில் மறைப்பது தப்பு, அங்கே காட்டுவது தப்பு. திருகு இறுக்கமாக இருந்து, கத்தி பைக்குள் கிடந்திருந்தால் நெல்சன் அந்தப் படியைத் தாண்டிப் போய்த் தங்கையின் கூரையை அடித்திருப்பார். இரண்டு சட்டம், இரண்டு தப்பு, இரண்டும் தன் கையால் செய்தது.

அடுத்த வாரம் நெல்சன் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபம் இல்லாத குரல். "மிஸ்டர் டோர்சி, இலவச வக்கீலம்மா ஒருத்தங்க கிடைச்சிருக்காங்க. சாதாரண வேலைக் கத்தியாத்தான் வித்தீங்க, திருகைத் தளர்த்தினது நீங்கதான்னு கடைப் பேர் போட்ட தாள்ல நாலு வரி எழுதித் தருவீங்களா? அதை வெச்சு வழக்கைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேப்பாங்களாம். ஜூன் பதினாலு, செவ்வாய்க்கிழமை."

"தரேன்ப்பா. இதென்ன பெரிய விஷயம்" என்றார் டோர்சி.

பெரிய விஷயமாகத்தான் இருந்தது. கைதானதைக் குடியுரிமைக்காரர்களிடம் எப்படியும் சொல்லியாக வேண்டும். ஆனால் தள்ளுபடியானது என்று சொல்வதும் ஒப்புக்கொண்டேன் என்று சொல்வதும் ஒன்றாகுமா? நாலு வரியில் ஒரு மனுஷரின் பன்னிரண்டு வருஷம் இருந்தது. டோர்சிக்கு அது தெரியும். கடைத்தாளில் எழுதினால் கார்லண்ட் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஆகும், அது அடுப்போரத்துக்கு வரும். நாளைக்கு எழுதலாம் என்று பத்து நாளைத் தள்ளினார். மறுபடி தொலைபேசி அடித்தபோது அடிக்கட்டும் என்று விட்டார். மனைவி ரீபா எடுத்தார். தான் ஓடைப் பக்கம் போயிருப்பதாகச் சொல்லச் சொல்லி டோர்சி கையை ஆட்டி ஜாடை காட்டினார்.

ரீபா அதையே சொல்லிவிட்டு வைத்தார். பிறகு சோள ரொட்டித் தட்டை அவர் முன்னால் தள்ளினார்.

"உன் ஓடை சமையலறைக்கே வந்துருச்சு போல. என்னய்யா பண்ணி வெச்ச?"

டோர்சி எல்லாவற்றையும் சொன்னார். ரீபா அவரைத் தேற்றவில்லை.

"அந்த நாலு கிழவனுங்க ஒரு பேரு சொல்லிக் கூப்பிடறதுக்காக ஒருத்தன் குடும்பத்தை அறுத்துட்டு உட்கார்ந்திருக்க. கத்தி எதுக்கு, உன் வாயே போதும்."

வழக்குக்கு முந்தின திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே எழுதி முடித்தார். செவ்வாய்க் காலை ஆறரைக்குக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடையில் நின்றார். கார்லண்ட் இருந்தார். அடுப்போரம் நாலு பேரும் இருந்தார்கள். கார்லண்டைப் பின்னறைக்குக் கூப்பிட்டாலே என்ன ஏது என்று கேட்பார்கள். அவர்கள் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தார். அன்றைக்கென்று பாய்ட் தன் முழங்கால் ஆபரேஷன் கதையை எடுத்தார். எட்டானது, ஒன்பதானது. ஒன்பதே முக்காலுக்கு அவர்கள் எழுந்து போனார்கள்.

பின்னறையில் கார்லண்ட் நின்றபடியே படித்தார். "முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பத்தேகால் மணிக்கு வக்கீலம்மாவுக்கு ஃபேக்ஸ் போனது.

நெல்சனின் வழக்கு ஒன்பதரைக்கே முடிந்திருந்தது.

சனிக்கிழமை டோர்சி அவர் வீட்டுக்குப் போனார். நெல்சன் முற்றத்தில் வேனிலிருந்து பலகைத் துண்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். கைகுலுக்கினார். உட்காரச் சொல்லவில்லை.

"ஆயுத வழக்கை விட்டுட்டாங்க, ஒழுங்கீனமா நடந்தேங்கற சின்னக் குற்றத்தை ஒத்துக்கிட்டேன், மிஸ்டர் டோர்சி. ஜெயில் இல்ல. நேர்காணலைத் தள்ளி வெச்சிருக்காங்க. எப்பன்னு தெரியாது. என்ன ஆகும்னும் தெரியாது."

"கடிதம் அனுப்பினேன்பா."

"வந்துச்சாம். வக்கீலம்மா அப்புறம் சொன்னாங்க." துண்டுகளை அடுக்கினார். "திருகை யாரு தளர்த்தினதுன்னு கோர்ட்டுல கேட்டாங்க. நானேதான்னு சொல்லிட்டேன்."

"ஏன்? ஏன் அப்படிச் சொன்ன? நான் பண்ணினது அது!"

நெல்சன் நிமிர்ந்தார். "நீங்க கடையில என்ன சொன்னீங்கன்னு என் வீட்டுக்காரி கேட்டுட்டு வந்தா. நான் உங்க பேரைச் சொல்லி, அவங்க கடைக்குப் போன் போட்டு, நீங்க மறுத்துட்டா? முப்பத்தொரு வருஷம் கடையில நிக்கறவர் பேச்சை நம்புவாங்களா, பலகை அடிக்கறவன் பேச்சை நம்புவாங்களா? அப்ப நான் பொய்யனும் ஆயிருப்பேன். பொய் சொல்றவனுக்குக் குடியுரிமை தர மாட்டாங்க."

டோர்சி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். நெல்சன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தக் காப்பி குடிக்கறவங்களுக்கு இப்ப உண்மை தெரியுமா?"

"கார்லண்டுக்குச் சொல்லிட்டேன்."

"நான் அவரைப் பத்திக் கேட்கல."

நெல்சன் கடைசித் துண்டை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். கதவை அறைந்து சாத்தவில்லை, சாதாரணமாகத்தான் சாத்தினார். அறைந்திருந்தால் தேவலாம் என்று இருந்தது டோர்சிக்கு.

திங்கட்கிழமை காலையில் அவர் பெட்டிக்குப் பின்னால் போகவில்லை. அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார்.

"நெல்சன் விஷயத்துல நான் பொய் சொன்னேன். போலாமான்னு அவன் கேட்டான். போன்னு சொன்னது நான். திருகைத் தளர்த்தினதும் நான், கிளிப்பை வெளிய மாட்டச் சொன்னதும் நான்."

ஒருவர் தாடையைச் சொறிந்தார். ஒருவர் கோப்பைக்குள் பார்த்தார். பாய்ட் ஹேய்ஸ் பெரிய மனசு பண்ணிச் சிரித்தார்.

"அட, விடு வக்கீலய்யா. நல்ல மனுஷன்யா நீ, அவனுக்காகப் பரிஞ்சு பேசற. அவனே ஒத்துக்கிட்டானாமே. இவனுங்க ஏதாச்சும் பண்ணாம போலீஸ் சும்மா பிடிக்குமா?"

மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள், அன்றைக்கு ஆட்டியதைப் போலவே. ஒருவர் டோர்சிக்கும் ஒரு கோப்பை ஊற்றி நீட்டினார். அவர்களை நம்ப வைக்கப் பொய்க்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உண்மைக்கு எத்தனை திங்கட்கிழமை ஆகுமோ.

டோர்சி கோப்பையை வாங்கவில்லை. நாற்காலியை இழுத்து அவர்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இல்ல பாய்ட். நீங்க கேளுங்க" என்று முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.