என் கை மெதுவில்லை

சிம்மக்கல்லில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். எங்கள் ஊரில் பத்திரிகை அடிக்க யாரும் தனியாக வருவதில்லை. தாய்மாமனில் தொடங்கிச் சித்தி மகள் வரை என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூத்தவ பத்திரிகையக் காட்டு, இப்ப இதக் காட்டு" என்று பெயர் வரிசையைச் சரிபார்ப்பார்கள்.

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் திரையில் ஒரு விண்டோ ஆடி அசைந்து சுருங்கிக் கீழே இறங்கும். அடுத்தது சாவகாசமாக மேலே வரும். அதற்குள் பின்னாலிருந்து 'உச்' கொட்டுவார்கள். பதற்றத்தில் மறுபடி அழுத்துவேன். வந்தது திரும்பவும் கீழே போய்விடும்.

"இந்தப் புள்ள ரொம்ப மெதுவு" என்றார் ஒரு மாமா. கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். "திங்கக்கிழமைலருந்து நீ கவுண்டரப் பாரும்மா. டிசைனுக்கு வேற ஆளு வாராரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மெதுவாக இருப்பது என் கையா, அந்தத் திரையா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் விடுகிற ஆள் இல்லை. செட்டிங்ஸில் கை வைக்கக் கூடாது என்பது கடைக்காரரின் கட்டளை. மறுநாள் காலை அங்கேதான் முதலில் போனேன். விண்டோ அசையும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கோடும், அதன்மேல் நகர்த்த ஒரு புள்ளியும் இருந்தன. புள்ளியை ஒரே இழுப்பாக வேகம் கூடும் பக்கம் கடைசி வரை இழுத்துவிட்டேன்.

அன்று திருமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பழைய பத்திரிகையைக் காட்டச் சொன்னார்கள். அழுத்தினேன். அசைவே இல்லை, கண் சிமிட்டுவதற்குள் புதியது மறைந்து பழையது நின்றது. பெண்ணின் அப்பா அலறினார்.

"எங்க தாயி போச்சு? அழிச்சுப்புட்டியா?"

கடைக்காரர் ஓடி வந்தார். "தொடாதன்னு சொன்னேன்ல?"

"ஒரு நிமிஷம் சும்மா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே செட்டிங்ஸைத் திறந்து அந்தப் புள்ளியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். இப்போது அழுத்திய உடனே விண்டோ கிளம்பியது. எங்கே போகிறது என்று கண்ணுக்கும் தெரிந்தது, காத்திருக்கவும் வைக்கவில்லை. அந்த அப்பா பெயர்களை நிம்மதியாகப் படித்து முடித்தார்.

அவர்கள் போனதும் கடைக்காரர், "பரவால்லையே, ஒரே நாள்ல நல்லா வேகமாயிட்டியேம்மா" என்றார்.

"நான் எப்பவும் இம்புட்டு வேகந்தேண்ணே. திங்கக்கிழமை வாரவர கவுண்டர்ல உக்கார வைங்க."

நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.