ருக்மிணி தட்டச்சு செய்யாத இரண்டு பக்கம்

சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பில் ருக்மிணியைத் தெரியாதவர்கள் குறைவு. கும்பகோணத்தில் ஷார்ட்ஹேண்ட் ஹையர் பாஸ் செய்துவிட்டு டெல்லிக்கு ரயிலேறியவள். முப்பது வருஷமாக, அதிகாரிகள் மென்று விழுங்கிப் பேசுவதையெல்லாம் ஒரு சொல் சிந்தாமல் பிடித்து, அன்று சாயங்காலத்துக்குள் தட்டச்சு செய்து நீட்டிவிடுவாள். ஒரே ஒரு தடவைதான் எடுத்ததை அப்படியே விட்டுவிட்டாள்.

அது 1984 நவம்பர் முதல் தேதி, பிரதமர் சுடப்பட்ட மறுநாள். சுட்டவர்கள் சீக்கியர்கள் என்று, டெல்லி முழுக்கச் சீக்கியர்களைத் தேடிக் கும்பல்கள் அலைந்தன. பக்கத்து வீட்டு தல்ஜீத் சிங் சர்க்கார் டிரைவர். அவர் மனைவி ஹர்பன்ஸ் கௌரும் இரண்டு குழந்தைகளும் ருக்மிணியின் சமையலறையில் ஒளிந்திருந்தார்கள். தல்ஜீத் வர மறுத்துவிட்டார். தன் வீட்டில் ஒருவருமே இல்லாவிட்டால் கும்பல் மற்ற வீடுகளில் தேடும் என்றார்.

பத்தே முக்காலுக்குக் கும்பல் வந்தது. ஜன்னல் இடுக்கில் நின்ற ருக்மிணியால் கத்தவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. கை மட்டும் தனக்குப் பழகிய வேலையைச் செய்தது. நோட்டை எடுத்து, தேதியும் நேரமும் போட்டு, வெளியே பேசிய ஹிந்தியையெல்லாம் ஒலிப்படியே சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டே போனது. இரண்டு பக்கம் முடிவதற்குள் தல்ஜீத்தைக் கொன்றுவிட்டார்கள்.

அவர் வாளோடு பாய்ந்தார், கைகலப்பில் இறந்தார் என்று போலீஸ் குறிப்பு சொன்னது. பச்சைப் பொய் என்று ருக்மிணிக்குத் தெரியும். ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன! நோட்டு டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போனது. வெட்கம் மட்டும் பெட்டிக்குள் போகவில்லை.

மறுபடி வைத்த ஒரு விசாரணைக் கமிஷன் 2001-இல் சாட்சிகளைக் கூப்பிட்டது. கருணை அடிப்படையில் பியூன் வேலை கிடைத்து, அதே குடியிருப்பில் இருந்த ஹர்பன்ஸ், பேப்பர் விளம்பரத்தோடு வந்து ஹிந்தியில் சொன்னாள். "பெஹன்ஜி, நஷ்டஈடு வேண்டாம். பையனுக்குக் கல்யாணம் பேசுகிறோம். அவன் அப்பா வாளெடுத்து வெட்டப் போனவர் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அது மாறினால் போதும். நீங்கள் பார்த்ததை வந்து சொல்லுங்கள்."

ருக்மிணியின் கணவர் பாலசுப்ரமணியம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "நீ ரிடையராக இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு. கமிஷன் அது இதுன்னு அலைஞ்சு, பென்ஷன்ல கை வெச்சுட்டான்னா?"

"வெச்சா வெக்கட்டும். பதினேழு வருஷமா அவ மூஞ்சியப் பாத்து அச்சா அச்சான்னு பல்லக் காட்டிண்டிருக்கேனே, அது போதாதா?"

டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தாள் ருக்மிணி. மனிதர் அன்று முழுக்க முனகினார். விசாரணை நாளன்று ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியவரும் அவர்தான்.

போலீஸ் தரப்பு வக்கீல் நோட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். கோழி கிளறியது போல இருக்கிறது, இந்த அம்மாள் சொல்வதுதானே இதற்கு அர்த்தம் என்றார். ருக்மிணிக்குச் சுருக்கென்றது. "நான் படிக்க வேண்டாம். இங்கே எழுதிக்கொண்டிருக்கிறவர் படிக்கட்டும்" என்றாள்.

கமிஷனின் ஸ்டெனோ வெங்கட்ராமன் மூலையில் உட்கார்ந்து எல்லோர் பேச்சையும் எழுதிக்கொண்டிருந்தார். தலைவர் தலையசைத்ததும் நோட்டை வாங்கிப் பார்த்தார். பாடப்புத்தகம் சொல்கிறபடி, தெளிவாக எழுதியிருந்தது. ஏற்ற இறக்கமில்லாத குரலில் படித்தார்.

"வெளியே வா சர்தார்ஜி, சத்தியமாக ஒன்றும் செய்ய மாட்டோம்." அடுத்தது தல்ஜீத் சொன்னது. "இதோ பாருங்கள், வெறுங்கையோடுதான் வருகிறேன். வீட்டில் யாருமில்லை. மனைவியையும் குழந்தைகளையும் நேற்றே ஊருக்கு அனுப்பிவிட்டேன்."

ஹர்பன்ஸ் எழுந்து நின்றாள். "அதை இன்னொரு தடவை படியுங்கள்." வக்கீல் ஆட்சேபிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வெங்கட்ராமன் மறுபடி படித்தார். இந்தத் தடவை சொல் சொல்லாக நிறுத்தி.

வராந்தாவுக்கு வந்ததும் ஹர்பன்ஸ் ருக்மிணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள் சமையலறையில் அவர் குரல் மட்டும்தான் கேட்டது, என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. என்னைக் கூப்பிடுகிறார் என்றே நினைத்தேன். குழந்தைகளை விட்டுவிட்டு நான் போகவில்லை. கூப்பிட்டும் வராதவள் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன், பெஹன்ஜி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் வாய் ஓயவில்லை. தல்ஜீத்தின் குறட்டை, கல்யாணத்தன்று அவர் குதிரையிலிருந்து சறுக்கி விழுந்த கதை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கணவரைப் பற்றி அவள் பேசி ருக்மிணி கேட்டது அதுதான் முதல் தடவை.